பத்துப் பேர் கொண்ட இளைஞர் குழுவை நடத்துவது எப்படி? முதல் கூட்டம் முதல் சாவியை ஒப்படைக்கும் நாள் வரை

தீபாவளிக்கு மறுநாள் நாற்பது பேரோடு ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கும். மாசி பிறக்கும்போது அதில் தினமும் காலை வணக்கம் படம் போடும் ஒருவரும், அதைத் திறந்தே பார்க்காத முப்பத்தொன்பது பேரும் மிஞ்சியிருப்பார்கள். ஏன் கலைந்தது என்று கேட்டால், "இந்தக் காலத்துப் பசங்களுக்கு எதிலும் ஆர்வம் இல்லை" என்று பதில் வரும். நடந்தது பெரும்பாலும் வேறு. ஒரே ஒருவர் இடம் பிடித்தார், வசூல் செய்தார், மைக் பிடித்தார், கணக்கும் எழுதினார். அவருக்கு ஓசூரிலோ சென்னையிலோ வேலை கிடைத்தது. அவர் பஸ் ஏறிய அன்றே குழுவும் முடிந்தது.

இந்த வழிகாட்டி 14 முதல் 19 வயது வரையுள்ள எட்டுப் பத்துப் பேரைக் கூட்டி நடத்தப்போகும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும். படிப்பகம், தெரு விளையாட்டுக் குழு, கோயில் விழாக் குழு, தேவாலய வாலிபர் ஐக்கியம் என எதற்கும் இது பொருந்தும். உதாரணங்களை மட்டும் ஊர்த் தெருக் குழுவிலிருந்து எடுத்திருக்கிறோம்.

முதலிலேயே அளவுகோலைச் சொல்லிவிடுகிறோம். நீங்கள் காய்ச்சலில் படுத்திருக்கும் வாரத்தில் கூட்டம் நடந்ததா? கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

இதற்குப் பழைய ஆதாரம் ஒன்று உண்டு. 1930களின் கடைசியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட் மூவரும் பத்துப் பதினோரு வயதுப் பையன்களைச் சிறு குழுக்களாக்கி முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்தார்கள். ஒரு வகைக் குழுவில் தலைவர் ஒவ்வொன்றையும் உத்தரவாகச் சொன்னார். இன்னொரு வகையில் எல்லோரும் பேசி முடிவெடுத்தார்கள். மூன்றாவது வகையில் தலைவர் கண்டுகொள்ளாமல் இருந்தார். உத்தரவு போட்ட தலைவர் எதிரில் இருந்தவரை அவர் குழுவில் வேலை நன்றாகவே நடந்தது. அவர் அறையை விட்டு வெளியேறியதும் படுத்துவிட்டது. பேசி முடிவெடுத்த குழுவில் தலைவர் போன பிறகும் கைகள் ஓடிக்கொண்டிருந்தன. கண்டுகொள்ளாத தலைவரின் குழுவில் வேலையும் உருப்படவில்லை. நம் ஊரில் முதல் வகைத் தலைவரைத்தான் "செம ஆளு" என்று புகழ்வோம் என்பது வேறு கதை.

தொடங்கும் முன்: ஆள், வயது, இடம்

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் ஆர்வமுள்ளவர்கள் வந்தால் இரண்டு அணிகளாகப் பிரியுங்கள். பிரெஞ்சுக்காரர் ரிங்கெல்மன் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து 1913இல் வெளியிட்ட கணக்கு இதற்குத் துணை: ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் இழுக்கும் விசை குறைந்தது, எட்டுப் பேர் சேர்ந்தபோது ஆளுக்குத் தன் பலத்தில் ஏறக்குறைய பாதிதான் வந்தது. தேர் வடம் பிடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வடத்தில் கை வைத்தவர் எல்லோரும் இழுப்பதில்லை. 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் பேடன் பவல் நடத்திய முதல் சாரணர் முகாமிலும் பையன்களை நான்கு சிறு அணிகளாகப் பிரித்து, அணிக்கு ஒரு மூத்த பையனைப் பொறுப்பாக்கினார்கள்.

வயது இடைவெளி ஐந்து ஆண்டுக்கு மேல் வேண்டாம். பதிமூன்று வயதுப் பிள்ளையையும் இருபத்திரண்டு வயது இளைஞரையும் ஒரே வட்டத்தில் உட்கார வைத்தால் சின்னவர் வாயே திறக்க மாட்டார். பெரியவருக்கும் சலிப்புத் தட்டும்.

முதல் ஆட்களை எப்படிச் சேர்ப்பது? பொது அறிவிப்பு ஒட்டினால் ஏற்கெனவே நண்பர்களான ஒரு செட்டு மட்டும் வந்து உட்காரும். தெருவுக்கு இருவர் என்று பெயர் எழுதி, வீட்டுக்கே போய்க் கூப்பிடுங்கள். பெண்களைச் சேர்ப்பதென்றால் முதல் நாளே மூன்று பேராவது இருக்க வேண்டும். ஒரே ஒரு பெண் இருந்தால் இரண்டாம் கூட்டத்துக்கு அவர் வர மாட்டார், வீட்டிலும் விட மாட்டார்கள். கூடவே பொறுப்பில் ஓர் அக்கா கட்டாயம் இருக்க வேண்டும்.

பெற்றோரைப் பார்க்கும்போது வாசலில் நின்று பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரு தாளில் ஐந்து விஷயம் எழுதிக் கையில் கொடுங்கள்: எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், எங்கே, பொறுப்பாளர் இருவரின் பெயரும் கைபேசி எண்ணும், வெளியூர் கூட்டிப் போவதென்றால் முன்கூட்டியே கையெழுத்து வாங்குவோம் என்ற உறுதி. "ஆறரைக்கு வீட்டில் இருப்பார்கள்" என்று எழுதினால் ஆறரைக்கு இருக்க வேண்டும். முதல் மாதத்தில் ஒரு நாள் ஏழேகால் ஆனால் இரண்டு பேரை இழப்பீர்கள்.

யார் வீட்டுத் திண்ணையிலும் கூட்டம் வேண்டாம். அது அந்த வீட்டுக்காரர் குழுவாகிவிடும். எந்தத் தெரு ஆளும் கூச்சமில்லாமல் வரக்கூடிய இடம் வேண்டும்: நூலகம், பள்ளி வளாகம், சமுதாயக் கூடம். சில தெருக்காரர்கள் கால் வைக்கத் தயங்கும் இடத்தில் கூட்டம் போட்டால், யாரும் எதுவும் சொல்லாமலேயே குழு ஒரு சாதிக் குழுவாகச் சுருங்கிவிடும். இடம் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மின்விசிறியும் நாற்காலியும் பிறகு.

முதல் கூட்டம்: அறுபது நிமிடம்

நாற்காலி இருந்தாலும் பாய் விரித்து வட்டமாக உட்காருங்கள். மேசைக்குப் பின்னால் நீங்களும் வரிசையில் அவர்களும் உட்கார்ந்தால் அது வகுப்பறை. வகுப்பறையில் எப்படி நடந்துகொள்வது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்: தலையைக் குனிந்து மணி அடிக்கக் காத்திருப்பார்கள்.

முதல் பத்து நிமிடம் அறிமுகம். பெயர், படிப்பு என்று சுற்றி வரவேண்டாம். இருவர் இருவராகப் பேசவிட்டு, ஒருவர் மற்றவரை அறிமுகப்படுத்தட்டும். தன்னைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறவர்கூடப் பக்கத்தில் இருப்பவரைப் பற்றி நான்கு வாக்கியம் சொல்லிவிடுவார்.

அடுத்த பதினைந்து நிமிடம் ஓடியாடும் விளையாட்டு ஒன்று. நடுவில் வருகிற இருபது நிமிடம்தான் முக்கியம். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டும் பேனாவும் கொடுத்து, "நம்ம தெருவில் எதை மாற்றினால் நன்றாயிருக்கும், அல்லது எதைச் செய்ய ஆசை?" என்று எழுதச் சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டாம். சீட்டுகளைக் குலுக்கிப் படியுங்கள். கிரிக்கெட் கிட், தெரு விளக்கு, ஆண்டு விழாவில் டான்ஸ், டியூஷன், நாய்த் தொல்லை எல்லாம் வரும். சிரிக்க வைப்பதற்கென்றே ஒரு சீட்டும் வரும், சிரித்துவிட்டு நகருங்கள். வாயால் கேட்டால் முதலில் பேசுகிறவர் சொன்னதையே மற்ற எட்டுப் பேரும் சொல்வார்கள். அதனால்தான் சீட்டு.

வந்தவற்றில் மூன்று வாரத்துக்குள் முடியக்கூடிய ஒன்றைக் கைதூக்கித் தேர்ந்தெடுங்கள். மூன்று வாரம் என்பதை விடாதீர்கள். நூலகத்துச் சுவருக்கு வெள்ளையடிப்பது முடியும். ஊருக்கே நூலகம் கட்டுவது முடியாது. முதல் வேலை பாதியில் நின்றால் இரண்டாவது வேலைக்கு ஆள் வராது.

கடைசிப் பதினைந்து நிமிடம் விதிகள். நீங்கள் எழுதிக் கொண்டுபோன பதினைந்து விதி வேண்டாம். அவர்களையே சொல்லச் சொல்லி, ஐந்துக்குள் நிறுத்தி, அவர்கள் கையெழுத்திலேயே சார்ட்டில் எழுதி மாட்டுங்கள். நீங்கள் சேர்க்க வேண்டிய விதி ஒன்றே ஒன்று: சாதிப் பெயர், உடல், வீட்டு வறுமை மூன்றையும் வைத்துக் கிண்டல் கூடாது. சொன்ன நேரத்தில் முடித்துவிடுங்கள். பேச்சு சூடாக இருக்கும்போது முடிந்தால் நல்லது, மிச்சத்தைப் பேசவாவது அடுத்த வாரம் வருவார்கள்.

வாரக் கூட்டத்தில் உங்கள் வாய்

வாரம் ஒரு முறை, ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரு மணி நேரம். நான்கு பேர் வந்தாலும் நடத்துங்கள். "ஆள் வரட்டும்" என்று அரை மணி காத்திருந்தால், நேரத்துக்கு வந்தவர்களுக்குத்தான் தண்டனை. அடுத்த வாரம் அவர்களும் தாமதமாக வருவார்கள்.

ஒரு கூட்டத்தில் நீங்கள் எத்தனை நிமிடம் பேசுகிறீர்கள் என்று கைபேசியில் ஒரு முறை பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். புதியவர்கள் பெரும்பாலோர் நாற்பது நிமிடம் பேசியிருப்பார்கள், பத்து நிமிடம் பேசியதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். பதினைந்தைத் தாண்டக் கூடாது.

கேள்வி கேட்டபின் வாயை மூடிக்கொள்வதுதான் இதில் கடினமான பயிற்சி. "போட்டியை எங்கே வைக்கலாம்?" என்று கேட்கிறீர்கள். யாரும் பேசவில்லை. மூன்று விநாடி போனதும் உங்களுக்குப் பொறுக்காது, "பள்ளி மைதானத்தில் வைப்போமா?" என்று நீங்களே சொல்வீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். முடிவு உங்களுடையது, தலையாட்டல் மட்டும் அவர்களுடையது. அதற்குப் பதிலாக மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஏழெட்டில் யாராவது வாயைத் திறப்பார்:

"அண்ணா, ஸ்கூல் கிரவுண்டுல இப்ப ஜல்லி கொட்டியிருக்காங்க."

"அப்படியா? அப்ப வேற எங்க?"

"ஏரிக்கரைல இடம் இருக்கு. ஆனா நிழல் இல்ல."

"நிழலுக்கு என்ன செய்யலாம்?"

"ரெண்டு ஷாமியானா போட்டா போதும்ணா. எங்க சித்தப்பா கடைல கேக்குறேன்."

ஜல்லி கொட்டியிருந்தது உங்களுக்குத் தெரியாது. தலையாட்டியிருந்தால் போட்டியன்று காலையில்தான் தெரிந்திருக்கும்.

பேசாதவர்களைக் கூட்டத்தில் வைத்து, "நீ ஏன்டா பேசவே மாட்டேங்கிற?" என்று கேட்பது அவர்களை அனுப்பிவைக்கும் வழி. கூட்டம் முடிந்து பாய் சுருட்டும்போது பக்கத்தில் போய்ச் சின்ன வேலை ஒன்று கொடுங்கள்: வருகைப் பதிவு, பரிசுப் பட்டியல், கைபேசியில் படம் எடுப்பது. அடுத்த வாரம், "பரிசுப் பட்டியல் என்ன ஆச்சு?" என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு காரணம் கிடைத்திருக்கும். அதிகம் பேசுகிறவரை அடக்கவும் வேலைதான் வழி. மற்றவர்கள் சொல்வதைப் பலகையில் எழுதும் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

வேலையைப் பிரித்துக் கொடுப்பது

"எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கலாம்" என்பது யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதன் மறுபெயர். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர், ஒரு தேதி. கூட்ட நோட்டில் மூன்று கட்டம் போதும்: என்ன, யார், எப்போதைக்குள். வேலையைக் கொடுக்கும்போது எந்த எல்லை வரை அவரே முடிவெடுக்கலாம் என்பதையும் சொல்லுங்கள். "சவுண்ட் சர்வீஸ் பேசி முடி. மூவாயிரத்துக்குள் என்றால் நீயே முடித்துவிடு, மேலே போனால் கேள்." இந்த வரி இல்லாவிட்டால் அவர் ஒவ்வொன்றுக்கும் உங்களுக்குப் போன் செய்வார், அல்லது ஐயாயிரத்துக்குப் பேசிவிட்டு வந்து நிற்பார்.

புதியவரைத் தனியே விடாதீர்கள். முதல் தடவை நீங்கள் செய்ய அவர் பார்க்கட்டும். இரண்டாம் தடவை இருவரும் சேர்ந்து. மூன்றாம் தடவை அவர் செய்ய நீங்கள் தள்ளி நின்று பாருங்கள். நான்காம் தடவை நீங்கள் அங்கே இருக்கவே கூடாது. மூன்றாம் கட்டத்தில்தான் பலரும் சொதப்புகிறோம். அவர் தடுமாறியதும் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வோம். மைக் டெஸ்ட் செய்ய ஐந்து நிமிடம் கூடுதலாகத்தான் ஆகட்டுமே.

சொதப்பினால்? பொதுவில் பாராட்டு, தனியே திருத்தம். அதிலும், "நீ எப்பவும் இப்படித்தான்" என்று ஆளைப் பற்றிப் பேசாமல், "நோட்டீஸில் தேதி தவறாக அச்சாகியிருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் அடுத்த முறை யாரிடம் காட்டலாம்?" என்று வேலையைப் பற்றிப் பேசுங்கள்.

சிறுவர் பங்கேற்பைப் பற்றி 1992இல் எழுதிய ரோஜர் ஹார்ட் எட்டுப் படி கொண்ட ஏணி ஒன்றைச் சொன்னார். அதன் கீழ் மூன்று படிகளும் பங்கேற்பே ஆகாது என்பார்: பிள்ளைகளைப் பயன்படுத்திக்கொள்வது, அலங்காரமாக நிறுத்துவது, பெயருக்குச் சேர்த்துக்கொள்வது. சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை ஏந்திக்கொண்டு நிற்பது மட்டுமே உங்கள் பசங்களின் வேலை என்றால் நீங்கள் இரண்டாம் படியில் நிற்கிறீர்கள்.

முதல் பெரிய வேலை: பொங்கல் விளையாட்டுப் போட்டி

நான்கைந்து மாதம் பழகிய குழுவுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. தேதி மாறாது, ஊரே பார்க்கும், வேலை பலவிதம். காணும் பொங்கலன்று போட்டி என்றால் நாள்காட்டியில் பின்னோக்கி எண்ணுங்கள். அரையாண்டுத் தேர்வு டிசம்பர் 23 வாக்கில்தான் முடியும். ஆகவே தேர்வு தொடங்கும் முன்பே இடம், தேதி, பட்ஜெட் மூன்றையும் முடிவு செய்துவிட்டு, தேர்வு முடியும்வரை எதையும் தொடாதீர்கள். மதிப்பெண் குறைந்தால் பழி உங்கள் தலையில்தான் விழும். விடுமுறை தொடங்கியதும் வசூல், ஜனவரி முதல் வாரம் பொருள் வாங்குவது, கடைசி வாரம் பெயர்ப் பதிவு. ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவெளியில் ஒலிபெருக்கி வைக்க விதிகள் இடம் தருவதில்லை.

எண்பது பிள்ளைகள் பங்கேற்கும் போட்டியை 6–9, 10–13, 14–17 என்று மூன்று வயதுப் பிரிவாக வையுங்கள். ஐந்து போட்டிக்கு மேல் வேண்டாம். காலை எட்டுக்குத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் பன்னிரண்டரைக்கு முடித்துவிடலாம். நேரத்தைத் தின்பது மியூசிக்கல் சேர். பதினைந்து பேருக்குப் பதினான்கு சுற்று, சுற்றுக்கு இரண்டு நிமிடம் வைத்தாலும் அரை மணி ஓடிவிடும். எட்டுப் பேராகக் குறையும்வரை ஒரே சுற்றில் இரண்டு நாற்காலியை எடுத்துவிடுங்கள்.

எலுமிச்சை ஸ்பூன் ஓட்டத்துக்கு இருபது மீட்டர் போதும். வாயில் கவ்விக்கொண்டு ஓடும்போது விழுந்தால் ஸ்பூன் தொண்டையில் குத்தும். சின்னப் பிரிவினர் கையில் பிடித்து ஓடட்டும். சாக்கு ஓட்டத்துக்குச் சணல் சாக்கு எட்டுப் பத்து வேண்டும். சிமென்ட் சாக்கு வழுக்கும், உதறினால் தூசி கண்ணில் விழும். தார் ரோட்டில் இந்தப் போட்டியே வேண்டாம்.

கயிறு இழுத்தலுக்கு நைலான் கயிற்றை வாங்காதீர்கள். அது இழுபட்டு நீளும், அறுந்தால் சாட்டை போல் திரும்பி அடிக்கும். தடித்த தேங்காய்நார்க் கயிறு நல்லது. கையிலோ இடுப்பிலோ கயிற்றைச் சுற்றிக்கொள்ளக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் மைக்கில் சொல்ல ஒருவர் வேண்டும். விரல் மாட்டினால் முறிவோடு நிற்காது.

உறியடிதான் கூட்டம் சேர்க்கும், ஆபத்தும் அதில்தான். கண் கட்டியவர் இரண்டு சுற்று சுற்றிவிட்டபின் பானை இருக்கும் பக்கம் வீசுவார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பதினைந்து அடிக்குக் குறையாத வட்டமாகக் கயிறு கட்டி, வெளியே நான்கு பேரை நிறுத்துங்கள். பானை உடைந்த நொடியில் வெறுங்காலோடு பிள்ளைகள் உள்ளே பாய்வார்கள், தரையெல்லாம் ஓடு. துடைப்பத்தோடு இருவர் உள்ளே போய் வரும்வரை கயிற்றை இறக்கக் கூடாது.

எல்லாவற்றையும் மிஞ்சிய சண்டை ஒன்று உண்டு: "என் பிள்ளைதான் செகண்டு வந்தான்." இதற்கு மைக்கில் சமாதானம் பேசிப் பயனில்லை. எல்லைக் கோட்டில் மூன்று பேரை நிறுத்துங்கள். முதலில் வருபவரின் கையைப் பிடிப்பது ஒருவர் வேலை, இரண்டாமவரை இன்னொருவர், மூன்றாமவரை மற்றொருவர். பிடித்த கையை விடாமல் பெயர் எழுதும் மேசைக்கே கூட்டிப் போய் எழுத வைக்க வேண்டும். கையை விட்டுவிட்டுப் பிறகு பெயர் கேட்டால் நான்கு பேர் வந்து நிற்பார்கள். அந்த மூவரும் வேறு தெருக்காரர்களாக இருந்தால் பாதி சண்டை தானாகவே இல்லை.

தண்ணீர், 150 பேருக்கு இருபது லிட்டர் கேன் ஐந்து, கூடுதலாக ஒன்று. டம்ளரைக் கழுவி வைக்க ஆள் போடுங்கள், இல்லாவிட்டால் பத்து மணிக்கே டம்ளர் காணாமல் போகும். முதலுதவிப் பெட்டியில் பஞ்சு, கட்டுத்துணி, கிருமிநாசினி, பிளாஸ்டர், குளுக்கோஸ் அல்லது ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருக்கட்டும். 108க்கு யார் போன் செய்வது, வண்டி எந்த வழியாக மைதானத்துக்குள் வரும் என்பதை முந்தின நாளே முடிவு செய்யுங்கள். அந்த வழியில் பந்தல் கால் நட்டுவிடாதீர்கள்.

பிளக்ஸ் விவகாரத்தையும் முன்கூட்டியே தீர்த்துவிடுங்கள். பணம் கொடுத்தவர் படம், அவர் கட்சித் தலைவர் படம், படம் போடாதவர் கோபம் என்று இது ஒரு சுழல். "யார் முகமும் போடுவதில்லை" என்ற ஒற்றை முடிவை நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தால், வசூலுக்குப் போகும் பையன் அதைக் காட்டித் தப்பிக்கலாம்.

பணம்

குழுக்கள் உடைவதற்குக் காரணம் திருட்டை விடத் திருட்டு என்ற சந்தேகம்தான். வசூலுக்கு எப்போதும் இருவர், அதில் ஒருவர் பொறுப்பாளர் வீட்டைச் சேராதவர். எண் அச்சிட்ட, அடிக்கட்டை உள்ள ரசீதுப் புத்தகம். பத்து ரூபாய்க்கும் ரசீது. அன்றன்று மாலை மூன்று பேர் முன்னால் எண்ணி, நோட்டில் எழுதி, மூவரும் கையெழுத்திட வேண்டும்.

உங்கள் சொந்தக் கூகுள் பே எண்ணுக்குப் பணம் வாங்காதீர்கள். நேர்மை பற்றிய பேச்சே இதில் இல்லை. உங்கள் சம்பளமும் கடன் தவணையும் ஓடும் கணக்கில் ஊர்ப்பணம் கலந்துவிட்டால், நீங்களே பிரித்துக் காட்ட முடியாது. வேறு வழியில்லை என்றால் வேறெதற்கும் பயன்படுத்தாத கணக்கு ஒன்றை ஒதுக்கி, வரவுப் பட்டியலை தினமும் குரூப்பில் போடுங்கள். செலவுக்கு ரசீது தராத இடங்கள் உண்டு: பூக்காரம்மா, பந்தக்கால் நட்டவர். வெள்ளைச் சீட்டில் தொகை எழுதி அவர் கையெழுத்தும் கூடச் சென்றவர் கையெழுத்தும் வாங்குங்கள். திட்டத்தில் பத்தில் ஒரு பங்கைச் செலவு எழுதாமல் ஒதுக்கி வையுங்கள், கடைசி நாள் அது கரைந்துவிடும். விழா முடிந்த ஏழு நாளுக்குள் வரவு செலவை ஒரு சார்ட்டில் எழுதிப் பொது இடத்தில் ஒட்டுங்கள். எட்டாம் நாளிலிருந்து டீக்கடையில் வேறு கணக்கு ஓடத் தொடங்கும்.

குழு நிலைத்து, நிதி வரத் தொடங்கினால் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்வது நல்லது. குறைந்தது ஏழு பேர் வேண்டும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். முதல் ஆண்டிலேயே இதற்கு அலைய வேண்டாம். தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிக்கான போட்டியில் வேலை நின்றுவிடும்.

சண்டை வரும்

இரண்டாம் மூன்றாம் மாதத்தில் உரசல் வந்தால் குழு கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம். புரூஸ் டக்மன் 1965இல் சிறு குழுக்களின் வளர்ச்சியை நான்கு கட்டமாகப் பிரித்தபோது, கூடுவதற்கு அடுத்த கட்டமே மோதல்தான். பிறகே ஒழுங்கு, அதன் பிறகே முழுவீச்சில் வேலை. மரியாதைக்குச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் உண்மையைப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.

இருவர் மோதினால் அன்றைக்கே வட்டத்தில் வைத்து விசாரிக்காதீர்கள். பார்வையாளர் இருக்கும்வரை யாரும் இறங்கி வர மாட்டார். மறுநாள் தனித்தனியே கேளுங்கள். கேட்கும்போது, "ஏன் அப்படிச் செய்தாய்?" என்று தொடங்க வேண்டாம், "என்ன நடந்தது?" என்று தொடங்குங்கள். பிறகு இருவரையும் சேர்த்து உட்கார வைத்து, இனி என்ன செய்யலாம் என்பதை மட்டும் பேசுங்கள். மன்னிப்புக் கேட்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் சண்டை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

சாதி விஷயத்தில் இந்த நிதானம் உதவாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியபின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி அணிந்து வருவதைத் தடுக்கப் பரிந்துரைத்தது. உங்கள் கூட்டத்தில் கயிற்று நிறத்தின்படி ஆட்கள் பிரிந்து உட்காருவதைப் பார்த்தால், அது உடை விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். அணிகளை எப்போதும் சீட்டுக் குலுக்கியே பிரியுங்கள். சாப்பாடு வந்தால் ஒரே பந்தி. சாதியைச் சொல்லித் திட்டியவரிடம் அன்றே, அங்கேயே, எல்லோர் முன்னும் விதியை நினைவூட்டிக் கூட்டத்திலிருந்து வெளியேற்றுங்கள். தனியே திருத்த வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு. திட்டு வாங்கியவர் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பாதுகாப்பு: இதில் சலுகை இல்லை

பதினெட்டு வயதுக்குட்பட்டவரோடு பூட்டிய அறையில், வண்டியில், இரவில் தனியே இருக்காதீர்கள். எப்போதும் இரண்டு பெரியவர்கள். பெண் பிள்ளைகளின் எண்களைக் கேட்காமல் குரூப்பில் சேர்க்க வேண்டாம், சேர்த்தால் அந்த எண் குரூப்பில் உள்ள அத்தனை பேர் கையிலும். அறிவிப்புக் குரூப்பில் அட்மின் மட்டும் பதிவிடும்படி வையுங்கள், பெற்றோர் எண்ணையே சேர்க்கலாம்.

ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த பாலியல் தொல்லையைச் சொன்னால் நீங்கள் துப்பறிய வேண்டியதில்லை, சமரசம் பேசவும் கூடாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி விஷயம் தெரிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் அதுவே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உனக்கு உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள். பிள்ளையின் பெயர் குழுவில் யாருக்கும் தெரியக் கூடாது.

விழா அவசரத்தில் பதினாறு வயதுப் பையனிடம் வண்டிச் சாவியைக் கொடுத்து, "ஓடிப்போய் ரெண்டு கேன் தண்ணி எடுத்துட்டு வா" என்று சொல்வது சர்வசாதாரணம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, சிறுவர் ஓட்டிச் செய்யும் குற்றத்துக்கு வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. இன்னொன்று கிணறு. விளையாட்டு முடிந்த வியர்வையோடு நான்கு பேர் கிணற்றுக்கோ கல்குவாரிக்கோ கிளம்புவார்கள், அதில் ஒருவருக்கு நீச்சல் தெரியாது, தெரியாதென்று சொல்லவும் மாட்டார். குழுவின் பெயரில் கூடிய நாளில் எந்த நீர்நிலைக்கும் போகக் கூடாது என்பது விதியாகவே இருக்கட்டும். மைதானத்தை விட்டுக் கடைசி ஆள் வீட்டுக்குப் போகும்வரை நீங்கள் கிளம்பாதீர்கள்.

பொறுப்பை ஒப்படைப்பது

பொதுத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு பிப்ரவரி தொடங்கித் தேர்வு முடியும்வரை முழு விடுமுறை கொடுங்கள். தேர்வு முடிந்து வரும் ஏப்ரல் கடைசி, பொறுப்பு மாற்ற ஏற்ற நேரம். ஆளை அதற்கு ஆறு மாதம் முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும். நன்றாகப் பேசுகிறவரைத் தேடாதீர்கள். பாய் சுருட்ட யார் நிற்கிறார், வராதவர் வீட்டுக்கு யார் விசாரிக்கப் போகிறார் என்று பாருங்கள். ஒருவரை விட இருவராகப் பொறுப்பேற்பது நல்லது. ஒருவர் கல்லூரிக்கு வெளியூர் போனாலும் மற்றவர் இருப்பார்.

ஒப்படைக்கும்போது வாய்ச்சொல் போதாது. ஒரு நோட்டில் இவை இருக்க வேண்டும்: உறுப்பினர், பெற்றோர் எண்கள், பந்தல், சவுண்ட், நாற்காலி வாடகைக்காரர்களின் எண்களும் கடைசியாகக் கொடுத்த தொகையும், எந்த அலுவலகத்தில் எந்த அனுமதிக்கு எத்தனை நாள் ஆனது, பொருள் பட்டியல் (கயிறு எத்தனை மீட்டர், சாக்கு எத்தனை, விசில், ஸ்டம்ப்), கையிருப்புப் பணம், சென்ற ஆண்டு எது சொதப்பியது. கடைசிப் பக்கத்தைக் கூச்சப்படாமல் எழுதுங்கள்.

பிறகு மூன்று மாதம் நீங்கள் கூட்டத்துக்குப் போகலாம், ஆனால் வட்டத்தின் வாசல் ஓரத்தில் உட்காருங்கள். உங்கள் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்கண்ணா?" என்று கேட்பார்கள். புதிய பொறுப்பாளரைக் கைகாட்டுங்கள். அவர் எடுக்கும் முதல் முடிவு உங்களுக்குப் பிடிக்காமல்தான் இருக்கும். யாருக்கும் அடிபடாது, பணம் பாழாகாது என்றால் விட்டுவிடுங்கள். நான்காம் மாதம் அறைச் சாவியையும் பீரோ சாவியையும் கொடுத்து நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, குரூப் அட்மினிலிருந்தும் விலகிவிடுங்கள்.